பூஜ்யத்தைத் தொடாத கோடு

2010-ஆம் ஆண்டு ‘நியூரோஇமேஜ்’ ஆய்விதழில் வந்த ஒரு கட்டுரை, ஆல்ஸைமர் நோயில் மூளை எவ்வளவு வேகமாகச் சுருங்குகிறது என்று 1,309 எம்.ஆர்.ஐ. படங்களைக் கொண்டு அளந்தது. ஷுவே ஹுவா, பால் தாம்சன் ஆகியோரும் அவர்களுடைய குழுவினரும் எழுதியது. படங்கள், 2004-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஏ.டி.என்.ஐ. என்ற பெருந்திட்டத்திலிருந்து வந்தவை. நோயாளிகள், லேசான மறதி உள்ளவர்கள், நலமான முதியவர்கள் என்று மூன்று சாராரையும் மாதக்கணக்கில் இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் படமெடுத்து, அந்தத் தரவை உலகெங்கும் உள்ள ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடுவது அத்திட்டத்தின் வழக்கம்.

6, 12, 18, 24 மாத இடைவெளிகளில் ஏற்பட்ட சுருக்கத்தைக் கட்டுரை பட்டியலிட்டது. அதை வைத்து ஒரு கணக்கும் போட்டது: சுருக்கத்தின் வேகத்தை 25 சதவீதம் குறைக்கும் மருந்து ஒன்று வந்தால், அது வேலை செய்கிறது என்று நிரூபிக்க எத்தனை நோயாளிகள் தேவைப்படுவார்கள்? வந்த எண்ணிக்கை மிகச் சிறியது. மருந்துப் பரிசோதனைக்குக் கோடிக்கணக்கில் செலவழிப்பவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது.

மறு ஆண்டே அதே இதழில் வெஸ்லி தாம்சனும் டொமினிக் ஹாலண்டும் ஒரு குறிப்பு எழுதினார்கள். (பெயர் குழப்பலாம், இவர் வேறு தாம்சன், சான் டியாகோவைச் சேர்ந்தவர்.) புதிதாக எந்தப் படத்தையும் அவர்கள் அலசவில்லை. வெளியான எண்களை எடுத்தார்கள். கிடையச்சில் மாதத்தையும் குத்தச்சில் சுருக்கத்தையும் வைத்துப் புள்ளிகளை இட்டு, அவற்றின் ஊடே ஒரு கோட்டைப் பின்னோக்கி நீட்டினார்கள். மாதம் பூஜ்யமாக இருக்கும்போது சுருக்கமும் பூஜ்யமாகத்தானே இருக்க வேண்டும்? முதல் படம் எடுத்த அந்தக் கணத்தில் மூளை தன்னைவிடச் சிறியதாக இருக்க வழியில்லை. ஆனால் கோடு பூஜ்யத்துக்கு மேலேயே குத்தச்சை வெட்டியது. அதாவது, ஒரே நாளில் ஒருவரை இரண்டு முறை படமெடுத்திருந்தாலும் அந்த முறை ஒரு சுருக்கத்தைக் காட்டியிருக்கும். காலித் தட்டிலேயே நூறு கிராம் காட்டும் தராசு போல.

ஒரே ஆளின் மூளையைக் காலப்போக்கில் தொடர்ந்து அளக்கும் ஆய்வுகளில் என்னென்ன கோளாறு நேரலாம் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த வரைபடத்தைத்தான். நிரல் பாதியில் நின்றுபோவதும், கோப்பு கிடைக்கவில்லை என்று கணினி புகார் சொல்வதும் எரிச்சலானவை. ஆனால் அவை தங்களைத் தாங்களே அறிவித்துக்கொள்கின்றன. கடைசிவரை ஓடி, அழகான வண்ணப்படமும் நம்பத்தக்க எண்களும் தந்துவிட்டு, அந்த எண்களுக்குள் உட்கார்ந்திருக்கும் பிழைதான் ஆபத்தானது. அத்தகைய பிழைகளில் பெரும்பாலானவற்றின் வேர் ஒன்றே: முந்தைய படத்துக்கு ஒரு நீதி, பிந்தைய படத்துக்கு வேறொரு நீதி.

ஹுவா குழு கையாண்ட வகை முறைகளில் இப்படிப்பட்ட பிழை எப்படி நுழையலாம் என்று பார்ப்போம். இரண்டு படங்களையும் ஒன்றின்மேல் ஒன்று பொருத்தி, ஒன்றை மற்றொன்றாக மாற்ற எந்த இடத்தை எவ்வளவு நீட்ட வேண்டும், எந்த இடத்தை எவ்வளவு நசுக்க வேண்டும் என்று கணக்கிடுவது அந்த வகை முறைகளின் அடிப்படை. நசுக்கிய இடம் சுருங்கிய இடம். இதற்கு முன்னேற்பாடாக, ஆள் வேறு கோணத்தில் படுத்திருந்ததைச் சரிசெய்ய ஒரு படத்தைச் சற்றே திருப்பி நகர்த்த வேண்டும். எம்.ஆர்.ஐ. படம் என்பது ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் பக்கமுள்ள கனசதுரங்களின் அடுக்கு, வோக்சல் என்பார்கள். அதைத் திருப்பினால் புதிய கட்டங்கள் பழைய கட்டங்களுக்கு இடையில் போய் விழும். அப்போது அக்கம்பக்கத்து மதிப்புகளைக் கலந்துதான் புதிய மதிப்பைப் போட முடியும். இந்த இடைக்கணிப்பு படத்தை மிக லேசாக மழுங்கடிக்கிறது. கண்ணுக்குத் தெரியாத மழுக்கம். ஆனால் முதல் படத்தை அப்படியே வைத்துக்கொண்டு இரண்டாவதை மட்டும் திருப்பினால், மழுங்கிய விளிம்பு எப்போதும் இரண்டாவதில் மட்டுமே வரும். அந்த வித்தியாசத்தையும் கணினி மூளையின் மாற்றமாகவே படிக்கிறது. அது தற்செயலான இரைச்சல் என்றால் ஆயிரம் படங்களில் அடிபட்டுப் போயிருக்கும். ஒவ்வொருவரிடமும் ஒரே திசையில் வருவதால், ஆட்களைக் கூட்டக் கூட்ட அது உறுதிப்படுகிறது.

இதே விஷயத்தை பென்சில்வேனியாவின் பால் யுஷ்கேவிச் குழு 2010-லேயே ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியை வைத்துக் காட்டியிருந்தது. ஒரு படத்தை மட்டும் நகர்த்தும்போது மிகையான சுருக்கம் வருகிறது. இரண்டையும் சமமாக நகர்த்தினால் மறைகிறது. படங்களும் அதே ஏ.டி.என்.ஐ. படங்கள்தான்.

அளவை நினைவில் கொள்வது நல்லது. நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் ஒரு பக்கத்துக்குச் சுமார் 3,000 கன மில்லிமீட்டர் இருக்கும். ஜோசஃபின் பார்ன்ஸும் உடனாசிரியர்களும் 2009-ல் பல ஆய்வுகளைத் திரட்டிக் கணக்கிட்டபடி, ஆல்ஸைமர் நோயாளிகளிடம் அது ஆண்டுக்கு 4.66 சதவீதமும் நலமான முதியவர்களிடம் 1.41 சதவீதமும் சுருங்குகிறது. நலமானவரிடம் ஓர் ஆண்டில் நாம் தேடும் மாற்றம், ஆக, நாற்பத்து சொச்சம் வோக்சல்கள். அதுவும் ஒரே இடத்தில் குவிந்திருக்காது. உறுப்பின் மேற்பரப்பு முழுவதும் வோக்சலின் சிறு பின்னங்களாகப் பரவியிருக்கும். இந்த நுண்மையில் லேசான மழுக்கம் என்பது லேசான விஷயம் இல்லை.

பிழை எப்படி மருந்துக் கணக்கைக் கெடுத்தது என்பதற்கு ஒரு கற்பனை எண் போதும். உண்மையான சுருக்கம் 2 சதவீதம், முறை சேர்த்த பொய் இன்னொரு 2 சதவீதம் என்று வைப்போம். ஆய்வாளர் 4 சதவீதத்தைப் பார்க்கிறார். மருந்து அதில் கால்வாசியை, அதாவது 1 சதவீதத்தைத் தடுக்கும் என்று எதிர்பார்க்கிறார். உண்மையில் அது தடுக்கக்கூடியது 0.5 சதவீதம்தான்; பொய்ச் சுருக்கத்தை எந்த மருந்தும் குறைக்காது. தேவைப்படும் ஆட்களின் எண்ணிக்கையோ எதிர்பார்க்கும் வித்தியாசத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் மாறும். வித்தியாசம் இரட்டிப்பானால் ஆட்கள் நாலில் ஒரு பங்கு போதும் என்று கணக்கு சொல்லும். அதை நம்பி 100 பேரைச் சேர்த்தவர் 400 பேரைச் சேர்த்திருக்க வேண்டும். மருந்து நல்லதாகவே இருந்தாலும் பரிசோதனை தோற்கும்.

இந்தக் கோளாறு பிறரால் சுட்டிக்காட்டப்பட்டதும் ஹுவா குழு முறையைத் திருத்தி, 2011-லேயே புதிய கணக்கை வெளியிட்டது. அறிவியல் தன்னைத் திருத்திக்கொண்டது என்று இதைப் புகழ்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பாராட்டில் பாதிதான் உடன்பாடு. ஆக்ஸ்ஃபோர்டின் ஸ்டீபன் ஸ்மித்தும் அவர் குழுவினரும் உருவாக்கிய ‘சியனா’ என்ற மென்பொருள், இரண்டு படங்களையும் நடுவழியில் உள்ள ஒரு பொது இடத்துக்குக் கொண்டுவந்து, இரண்டும் ஒரே அளவு மழுங்கும்படி ஏற்பாடு செய்திருந்தது. 2002-லேயே அது அச்சில் வந்துவிட்டது. எட்டு ஆண்டுகளாகப் பக்கத்து அலமாரியில் இருந்த பாடம்.

இன்று பரவலாகப் பயன்படும் தீர்வு பாஸ்டனில் உருவானது. மூளைப் புறணியின் தடிமனை அளக்கும் ‘ஃப்ரீசர்ஃபர்’ மென்பொருளில் மார்ட்டின் ராய்ட்டர், புரூஸ் ஃபிஷ்ல் ஆகியோர் தொடர்கால ஆய்வுக்கென்று தனி வழி ஒன்றை அமைத்து, 2012-ல் அதை விவரித்தார்கள். மூன்று படிகள். முதலில் ஒவ்வொரு படமும் தனித்தனியாக அலசப்படும். இரண்டாவதாக, ஒருவருடைய எல்லாக் காலப் படங்களையும் சேர்த்து அவருக்கே உரிய ஒரு நடுநிலை வார்ப்புரு உருவாக்கப்படும். எந்தப் படத்துக்கும் முதல் மரியாதை கிடையாது. மூன்றாவதாக, அந்த வார்ப்புருவைத் தொடக்கப்புள்ளியாகக் கொண்டு ஒவ்வொரு படமும் மறுபடி அலசப்படும். லண்டனில் ஜான் ஆஷ்பர்னரும் ஜெரார்ட் ரிட்ஜ்வேயும் 2013-ல் வேறு கணித வழியில் இதே சமநீதியை எட்டினார்கள்.

வழி நேர்மையானதாக இருந்தாலும், நடப்பவர் தடுக்கி விழ இடமுண்டு. மூன்று படிகளும் மூன்று கோப்புறைகளை உருவாக்கும். மூன்றிலும் ஒரே பெயரில் கோப்புகள் இருக்கும். மூன்றாம் படியின் எண்களை எடுக்க வேண்டிய நிரல் முதல் படியின் எண்களை எடுத்துவிட்டாலும் யாரும் அலற மாட்டார்கள். பட்டியல் நிறையும், ஆய்வு ஓடும், மாற்றத்தின் இரைச்சல் மட்டும் காரணம் தெரியாமல் கூடியிருக்கும். புள்ளியியல் பலம் ஏன் எதிர்பார்த்ததைவிடக் குறைந்தது என்று குழம்புகிறவர்கள் முதலில் எந்தக் கோப்புறை என்று பார்க்க வேண்டும்.

வார்ப்புரு விஷயத்தில் இன்னொன்று. இரண்டு படங்களோடு வேலையை முடித்தாயிற்று. ஓராண்டு கழித்து அதே ஆள் மூன்றாவது படத்துக்கு வருகிறார். பழைய வார்ப்புருவை அப்படியே வைத்துக்கொண்டு புதுப் படத்தை மட்டும் அதனோடு சேர்க்கத் தோன்றும். கணினி நேரம் மிச்சம். அப்படிச் செய்தால் முதலிரண்டு படங்களும் வார்ப்புருவின் பெற்றோர், மூன்றாவது விருந்தாளி. மூன்றையும் வைத்துப் புதிய வார்ப்புரு செய்து, மூன்றையும் மறுபடி ஓட்டுவதே முறை. ஒரே ஒரு முறை மட்டும் படத்துக்கு வந்து பிறகு வராதவர்களின் படத்தையும் இதே மூன்று படிகளில் கடத்த வேண்டும். மாற்றத்தை அளக்க அவர்கள் உதவ மாட்டார்கள் என்று விலக்குவதும் தவறு, குறுக்கு வழியில் அலசி மற்றவர்களோடு சேர்ப்பதும் தவறு.

கையால் செய்யும் திருத்தங்களும் இப்படித்தான். மண்டை உறையை மூளையென்று கணினி எடுத்துக்கொண்ட இடங்களை ஆள் உட்கார்ந்து அழிக்க வேண்டியிருக்கும். எது முதல் படம், எது கடைசிப் படம், யார் நோயாளி என்று திருத்துபவருக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் கை தானாகவே எதிர்பார்ப்பின் பக்கம் சாயும்.

சோதிக்க ஓர் எளிய வழி மண்டையோடு. வளர்ந்த ஒருவரின் மண்டையோட்டுக் கொள்ளளவு இரண்டு ஆண்டுகளில் மாறாது. தனித்தனியாக அலசிய முதல் படியில் அந்த அளவு ஒரே ஆளுக்குப் பெரிதாக வேறுபட்டால், படப் பொருத்தம் தோற்றிருக்கிறது. அல்லது கோப்பின் பெயர் மாறி வேறொருவரின் தலை உள்ளே வந்திருக்கிறது. இரண்டாவது காரணம் நம்பமுடியாததாகத் தோன்றும். ஆயிரம் கோப்புகளுக்குக் கையால் பெயரிட்ட எவரையும் கேட்டுப் பாருங்கள்.

இதற்குப் பிறகு புள்ளியியல். இரண்டு படங்களுக்கும் இடையேயான வித்தியாசத்தை எடுத்து ஒரு டி-சோதனை போடுவது பழைய பழக்கம். எல்லோரும் சரியாக ஓராண்டு கழித்து வந்திருந்தால் அது போதும். நடைமுறையில் ஒருவர் பத்து மாதத்தில் வருவார், ஒருவர் பதினேழு மாதத்தில், மற்றொருவர் வரவே மாட்டார். வராமல் போகிறவர்கள் பெரும்பாலும் உடல்நிலை மோசமானவர்கள் என்பதால், வந்தவர்களை மட்டும் எண்ணினால் நோய் உண்மையைவிடச் சாதுவாகத் தெரியும். கலப்பு விளைவு மாதிரி என்று அழைக்கப்படும் முறை ஒவ்வொருவருக்கும் தனித் தொடக்கமும் தனிச் சரிவும் அனுமதித்து, விடுபட்ட வருகைகளையும் தாங்கிக்கொள்ளும். நேன் லேர்டும் ஜேம்ஸ் வேரும் 1982-ல் இதற்கு அடித்தளம் இட்டார்கள். ஹோர்ஹே பெர்னால்-ருசியெல் குழு 2013-ல் அதை மூளைப் படங்களுக்கு எடுத்துவந்தது. அந்தக் கருவியில் தரவு வரிசைகள் ஆள்வாரியாக, ஒவ்வொரு ஆளுக்குள்ளும் காலவாரியாக அடுக்கப்பட்டிருக்க வேண்டும். படங்களின் அடுக்கும் அட்டவணையின் அடுக்கும் ஒரே வரிசையில் இல்லையென்றால், ஒருவருடைய வயதுக்கு இன்னொருவருடைய புறணி போய்ச் சேரும். முடிவில் எதுவுமே தென்படாது. ‘விளைவு இல்லை’ என்று எழுதிவிட்டுப் போன ஆய்வுகளில் சில இப்படித் தொலைந்தவையாக இருக்கும் என்பது என் சந்தேகம்.

வயது என்ற ஒரே எண்ணை மாதிரிக்குள் போடுவதும் அடிக்கடி காணும் வழுக்கல். 60 வயதுக்காரருக்கும் 70 வயதுக்காரருக்கும் இடையேயான வித்தியாசம் வேறு. ஒருவர் 60-லிருந்து 62-க்குப் போகும்போது அவருக்குள் நடக்கும் மாற்றம் வேறு. முதலாவதில் பிறந்த தலைமுறையின் உணவும் படிப்பும் கலந்திருக்கின்றன. முதல் வருகையின் வயது, அதிலிருந்து கழிந்த காலம் என்று பிரித்துப் போட்டால்தான், இவ்வளவு செலவழித்து ஒரே ஆளைத் திரும்பக் கூப்பிட்டதற்குப் பொருள் இருக்கும்.

மென்பொருளின் பதிப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தின் எட் குரோனென்ஷில்ட் குழு 2012-ல் ஒரே படங்களை ஃப்ரீசர்ஃபரின் மூன்று பதிப்புகளில் ஓட்டிப் பார்த்தது. பதிப்புக்குப் பதிப்பு கன அளவுகள் சராசரியாக 8.8 சதவீதமும், புறணியின் தடிமன் 2.8 சதவீதமும் வேறுபட்டன. இயங்குதளத்தை மட்டும் மாற்றியபோதும் ஏறத்தாழ அதில் பாதி வித்தியாசம் வந்தது. ஹிப்போகாம்பஸின் ஆண்டுச் சுருக்கத்தை மேலே பார்த்தோம், நோயாளியிடம்கூட 4.66 சதவீதம். ஆய்வின் நடுவில் கணினி நிர்வாகி நல்லெண்ணத்தோடு பதிப்பை உயர்த்திவிட்டால், நோயைவிடப் பெரிய மாற்றம் ஓர் இரவில் நிகழ்ந்துவிடும்.

கணினி அறைக்கு வெளியிலும் இதே சமமின்மை காத்திருக்கிறது. 2015-ல் ராய்ட்டர் குழு 12 நலமான தன்னார்வலர்களை ஸ்கேனருக்குள் வேண்டுமென்றே தலையாட்டச் சொன்னது. நிமிடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அசைவுக்குச் சுமார் 0.7 சதவீதம் சாம்பல்நிறப் பொருள் குறைந்ததாக அளவுகள் காட்டின. நோய் முற்ற முற்ற ஆட்கள் அசையாமல் படுத்திருக்கச் சிரமப்படுவார்கள். ஆகவே பிந்தைய படங்களில்தான் அசைவு கூடுதல். அது காட்டும் பொய்ச் சுருக்கமும் நோய் எதிர்பார்க்க வைக்கும் அதே திசையில்தான்.

தண்ணீரும் ஒரு காரணம். 16 மணி நேரம் எதுவும் குடிக்காமல் இருந்தவர்களின் மூளைக் கன அளவு 0.55 சதவீதம் குறைந்ததாக ஜெர்மனியில் தாமஸ் டூனிங் குழு 2005-ல் கண்டது, குடித்ததும் திரும்பியது. நலமான முதியவரின் மூளை ஓராண்டில் சுருங்குவதற்கு நிகரான அளவு அது. முதல் படத்தை மதியச் சாப்பாட்டுக்குப் பின்னும், இரண்டாவதை வேறொரு ரத்தப் பரிசோதனைக்காக வெறும் வயிற்றோடு வந்த காலையிலும் எடுத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். பல்திசு இறுக்க நோய்க்கான மருந்துகளில் இதன் மறுபக்கம் உண்டு: அழற்சி வடிந்ததால் வீக்கம் குறைந்து, மருந்து எடுத்துக்கொண்ட முதல் ஆண்டில் மூளை வேகமாகச் சுருங்குவது போலத் தெரியும். மருத்துவர்கள் அதைப் போலிச் சுருக்கம் என்று அழைக்கிறார்கள். நடாலிஸுமாப் மருந்தின் பரிசோதனையில் முதல் ஆண்டு இது நிகழ்ந்தது. நல்ல மருந்து கெட்ட மருந்தாகத் தோன்றும் அபூர்வமான இடம்.

இவை எல்லாவற்றையும்விடக் கடினமானது ஸ்கேனர் மாற்றம். மருத்துவமனை பழைய இயந்திரத்தை விற்றுவிட்டுப் புதியது வாங்குகிறது, அல்லது அதன் காந்தச் சரிவுச் சுருள்களையும் மென்பொருளையும் புதுப்பிக்கிறது. ஆய்வில் பாதிப் பேர் மாற்றத்துக்கு முன்பும் பாதிப் பேர் பின்பும் இரண்டு படங்களையும் எடுத்திருந்தால் சமாளிக்கலாம். மரபணு ஆய்விலிருந்து வந்து, 2020-ல் ஜோஆன் பீர் குழுவால் தொடர்கால ஆய்வுக்கு ஏற்றபடி திருத்தப்பட்ட ‘காம்பேட்’ முறை அதற்கு உதவும். ஆனால் எல்லோருடைய முதல் படமும் பழைய இயந்திரத்தில், எல்லோருடைய இரண்டாம் படமும் புதியதில் என்றால், காலம் செய்ததையும் இயந்திரம் செய்ததையும் பிரிக்க எந்தப் புள்ளியியலாலும் முடியாது. இரண்டும் ஒரே எண். அதே இயந்திர மாற்றத்தைக் கடந்துவந்த நலமானவர்களின் குழு இருந்தால், அவர்களின் மாற்றத்தை நோயாளிகளின் மாற்றத்திலிருந்து கழிக்கலாம். 2011 விவாதத்தின்போது லண்டனின் நிக் ஃபாக்ஸும் சகாக்களும் வலியுறுத்தியவற்றில் இதுவும் ஒன்று: நலமானவர்களிடம் தெரியும் மாற்றத்தைக் கழித்துவிட்டு மருந்துக் கணக்கைப் போடுங்கள். பொய் இரு சாராருக்கும் பொதுவானால் கழித்தலில் போய்விடும். மருந்து தடுக்கக்கூடிய பங்கும் அந்த மிச்சத்தில்தான் இருக்கிறது.

ஆய்வை வடிவமைக்கும்போதே செய்யக்கூடிய இன்னொரு காப்பு, மூன்றாவது படம். 2004-ல் ‘நேச்சர்’ இதழில் போக்டன் டிராகன்ஸ்கி குழு வெளியிட்ட பந்து வித்தை ஆய்வு புகழ்பெற்றது. மூன்று பந்துகளை மாற்றி மாற்றி எறிந்து பிடிக்கக் கற்றவர்களின் மூளையில், அசைவைப் பார்த்தறியும் பகுதி மூன்று மாதத்தில் பெரிதாகத் தெரிந்தது. பிறகு மூன்று மாதம் பயிற்சியை விட்டதும் குறைந்தது. பயிற்சி ஆய்வுகளின் புள்ளியியலை 2013-ல் சிபு தாமஸும் கிறிஸ் பேக்கரும் கடுமையாகவே விமர்சித்தார்கள். அந்த விமர்சனத்தில் நியாயம் உண்டு. ஆனாலும் ஏறி, பிறகு இறங்கிய அந்த வடிவத்துக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. இரண்டாவது படத்தை மட்டும் மழுக்கும் பிழையோ, ஒரு தடவை நடக்கும் இயந்திர மாற்றமோ அளவை ஒரு பக்கமாகத் தள்ளும். பயிற்சி எப்போது தொடங்கியது, எப்போது நின்றது என்று பார்த்துத் திரும்பி வராது.

120 படங்களுக்குப் பணம் இருக்கிறது, 60 பேரை இரண்டு முறை எடுப்பதா, 40 பேரை மூன்று முறை எடுப்பதா என்ற கேள்வி ஆய்வுக் குழுக்களில் அடிக்கடி எழும். ஆட்கள் குறைந்தால் பலம் குறையும் என்று 60 பேர் பக்கம் வாதிடுவார்கள். நான் 40 பேர் பக்கம். இரண்டு படங்கள் தரும் மாற்றம் ஒற்றைப் புள்ளி. ஒற்றைப் புள்ளியின் வழியே பூஜ்யத்திலிருந்தும் கோடு போடலாம், பூஜ்யத்துக்கு மேலிருந்தும் போடலாம். தாம்சனும் ஹாலண்டும் கோட்டை நீட்டிப் பார்க்க முடிந்தது, ஹுவா குழு நான்கு இடைவெளிகளில் அளந்து, நான்கு எண்களையும் மறைக்காமல் அச்சிட்டிருந்ததால்தான்.